தமிழ்99-ஆ, ஒலிபெயர்ப்பா?

ராமேசுவரம் அருகே மண்டபம் ஊரில் மீன் விலைப்பட்டியல் தட்டச்சு செய்யும் எனக்கு இந்த இரண்டு தமிழ்த் தட்டச்சு முறைகளும் பழக்கம்.

ஆங்கில எழுத்தில் ஒலியைத் தட்டித் தமிழாக்கும் ஒலிபெயர்ப்பு முறை முதல் நாளே கைவரும். ஆனால் 'ள'வுக்கு ஷிப்டை அழுத்த மறந்தால் 'வாளை' மீன் 'வாலை' ஆகிவிடும்.

1999-இல் தமிழக அரசு ஏற்ற தமிழ்99 விசைப்பலகையில் ல, ள, ழ மூன்றுக்கும் தனித்தனி விசை. உயிரெழுத்துகள் இடக்கைக்கு, மெய்கள் பெரும்பாலும் வலக்கைக்கு. 'ண'வுக்குப் பின் 'ட' தட்டினால் புள்ளி தானே விழும். அதனால் 'மண்டபம்' எழுத 6 தட்டல் போதும். ஒலிபெயர்ப்பில் 8, அதோடு ஷிப்டும் வேண்டும்.

விசைகள் மனதில் பதியச் சில வாரம் ஆகும், சரி. எப்போதாவது எழுதுவோருக்கு ஒலிபெயர்ப்பே போதும். தினமும் எழுதுகிறவர் தமிழ்99 பழகுங்கள். கண் திரையிலேயே இருக்கும்.