பீசா ரயில் நிலையத்தில் கேட்காமல் உதவ வருபவரிடம் எச்சரிக்கை

இத்தாலியில் தனியாக ரயிலில் சுற்றப் போகிறவர்கள் தயவுசெய்து இதைப் படித்துவிட்டுக் கிளம்புங்கள். பாஸ்போர்ட், இரண்டு வங்கி அட்டைகள், அறுநூறு யூரோ, என் இந்திய சிம், எல்லாவற்றையும் ஒரே நிமிடத்தில் பறிகொடுத்துவிட்டு வந்திருக்கிறேன்.

2023 செப்டம்பர், ஒரு வெள்ளிக்கிழமை மதியம். சாய்ந்த கோபுரத்தைப் பார்த்துவிட்டு, லா ஸ்பெத்சியா போவதற்காகப் பீசா சென்ட்ரல் நிலையத்துக்கு வந்தேன். மறுநாள் அங்கிருந்து சிங்க்வே தெர்ரே எனப்படும் ஐந்து கடலோரச் சிற்றூர்களுக்குப் போவதாக இருந்தேன். டிக்கெட் எந்திரத்தின் முன்னால் நின்றபோது, கழுத்தில் நீல நாடாவில் அட்டை தொங்க ஒருவர் பக்கத்தில் வந்து, எங்கே போக வேண்டும் என்று பணிவாகக் கேட்டார். ஊரைச் சொன்னதும் அவரே திரையை அழுத்தத் தொடங்கினார். ஜேப்படிக்காரர்கள் ஜாக்கிரதை என்று அந்த எந்திரமே ஆங்கிலத்தில் குரல் கொடுத்தது. அது காதில் விழுந்த அதே நேரத்தில்தான் அவர் கண்ணெதிரே பையைத் திறந்து, பணப்பையிலிருந்து ஐம்பது யூரோ எடுத்துக் கொடுத்தேன். மீதிச் சில்லறையை அவர்தான் அள்ளி என் கையில் வைத்தார். குறைவாக இருந்ததைப் பிறகுதான் எண்ணிப் பார்த்தேன்.

ரயில் கிளம்பப் போகிறது என்று சொல்லி என் பெட்டியைத் தூக்கிக்கொண்டு சுரங்கப்பாதைப் படியில் இறங்கினார். நான் பின்னாலேயே ஓடினேன். பெட்டியை ரயிலுக்குள் வைத்ததும் வாசலை மறித்து நின்று, இருபது யூரோ என்று கை நீட்டினார். குரலில் பழைய பணிவு இல்லை. பயந்துபோய் எடுத்துக் கொடுத்தேன். அதே சமயம் ஒரு பெண் வரைபடத்தை விரித்து என் மார்புக்கு நேரே பிடித்து ஏதோ வழி கேட்டார். இன்னொருவர் முதுகுப் பக்கம் நெருக்கினார். மூவரும் ஒன்றாக இறங்கிப் போனார்கள், கதவு மூடியது. ரயில் நகர்ந்த பிறகு பார்த்தால் பையின் ஜிப் திறந்திருக்கிறது, பணப்பை இல்லை.

சென்னை எழும்பூரில் சிவப்புச் சட்டையும் கையில் பித்தளை வில்லையும் இல்லாத ஒருவர் என் பெட்டியைத் தொட்டால் விடுவேனா? பணத்தை மூன்று இடத்தில் பிரித்து வை என்று அம்மா சொல்லிச் சொல்லி, திருச்சி போகும் வண்டியில்கூட அப்படித்தான் செய்வேன். ஐரோப்பா என்றதும் அந்தப் புத்தியெல்லாம் எங்கே போனதோ, எல்லாவற்றையும் ஒரே பையில் வைத்திருந்தேன்.

பத்து நிமிடத்தில் பரிசோதகர் வந்தார். என் டிக்கெட்டில் முத்திரை இல்லை என்றார். அங்கே பிராந்திய ரயில்களுக்கான காகித டிக்கெட்டை, ஏறுவதற்கு முன் நிலையத்தில் இருக்கும் சிறிய எந்திரத்தில் செருகித் தேதியும் நேரமும் அச்சிட்டுக்கொள்ள வேண்டும், இல்லையென்றால் அபராதம். என்னை ஓட வைத்தவர் அதற்கு நேரமே தரவில்லை. நான் அழுததைப் பார்த்து அபராதத்தை விட்டுவிட்டு, வியாரெஜ்ஜோவில் இறங்கிப் பீசாவுக்கே திரும்பிப்போய் ரயில்வே போலீஸைப் பாருங்கள் என்று அவர் சொன்னார். ரயில்வே போலீஸுக்கு அங்கே போல்ஃபெர் என்று பெயர், அப்படிக் கேட்டால் நிலையத்தில் எல்லாருக்கும் தெரியும். நிலையத்துக்கு வெளியே ஏதாவது நடந்தால் 112; ஐரோப்பிய ஒன்றியம் முழுவதும் அதுதான் அவசர எண்.

திருட்டைவிட அடுத்த ஒரு மணி நேரம்தான் கொடுமை. அட்டையை முடக்க அழைக்க வேண்டிய எண் அட்டையின் பின்புறத்தில் இருந்தது, அட்டை திருடனிடம். கைபேசி மட்டும் கையில் இருந்தது, ஆனால் அதில் உள்ளூர் சிம். வங்கியின் ஓடிபி வர வேண்டிய இந்திய சிம்மைக் கழற்றிப் பணப்பையில் போட்டிருந்தேன். கடைசியில் திருச்சியில் இருக்கும் அக்காவை வாட்ஸ்அப்பில் பிடித்து, அவள் வங்கியிடம் மன்றாடி முடக்கவைப்பதற்குள் ஓர் அட்டையில் மூன்று முறை பணம் போயிருந்தது. இந்திய சிம்மைக் கழற்றாதீர்கள். ரோமிங்கைப் போட்டுக் கைபேசியிலேயே வைத்திருங்கள். வங்கி எண்களைத் தாளில் எழுதி உடம்போடு வையுங்கள், வீட்டிலும் ஒருவரிடம் கொடுங்கள்.

அக்கா பணம் அனுப்பத் தயாராக இருந்தாள். ஆனால் பணம் அனுப்பும் கடையில் அதை வாங்கப் பாஸ்போர்ட் காட்ட வேண்டும். விடுதியில் அறை எடுக்கவும் அடையாளச் சான்று கேட்பார்கள், அது அந்த நாட்டுச் சட்டம். போலீஸ் எழுதித் தந்த புகார்ப் பிரதியையும், விசா விண்ணப்பத்துக்காக அக்காவுக்கு என்றோ அனுப்பியிருந்த பாஸ்போர்ட் நகலையும் காட்டித்தான் அறை கிடைத்தது. அறைக்கும் ரோமுக்குப் போகும் டிக்கெட்டுக்கும் அக்காவே திருச்சியிலிருந்து இணையத்தில் பணம் கட்டினாள். அந்த நகல் மட்டும் இல்லாதிருந்தால் என்ன ஆகியிருப்பேன் என்று இப்போதும் நினைக்கவே முடியவில்லை.

சனி, ஞாயிறு தூதரகம் கிடையாது. திங்கள் காலை ரோம் தெர்மினி நிலையத்திலிருந்து நடந்தே இந்தியத் தூதரகத்துக்குப் போனேன். புகார்ப் பிரதி, நகல், புகைப்படங்கள் கொடுத்து எமர்ஜென்சி சர்டிபிகேட் வாங்கினேன். அது இந்தியாவுக்குத் திரும்பும் ஒரே பயணத்துக்கு மட்டும்தான் செல்லும். பல ஐரோப்பிய நாடுகளுக்கும் பொதுவான ஷெங்கன் விசா பாஸ்போர்ட்டோடு போய்விட்டது. இரண்டு வருடம் சேர்த்த பணத்தில் எடுத்த வெனிஸ், மிலான் டிக்கெட்டுகள் வீணாயின.

புகார் எழுதும்போது போலீஸ் அதிகாரி கேட்டார், அந்த ஆளின் அட்டையில் என்ன எழுதியிருந்தது என்று. நான் படிக்கவே இல்லை. நாடாவை மட்டும்தான் பார்த்திருக்கிறேன்.

அடுத்த மாதம் அந்தப் பக்கம் போகிறவர்கள், டிக்கெட்டைக் கைபேசிச் செயலியிலோ கவுன்ட்டரிலோ வாங்குங்கள். தூக்க முடிகிற பெட்டியாகக் கொண்டுபோங்கள். நகலை வீட்டில் ஒருவருக்கு இன்றைக்கே அனுப்பிவையுங்கள்.