பழைய ஜிம்னியின் பாதி புதிய ஜிம்னிக்குள்: நான்கு வருட அனுபவம்

2021 நவம்பரில் ஒரு 2011ஆம் ஆண்டு சுசுகி ஜிம்னியை வாங்கினேன். அதற்கு முன் பதினேழு வருடம் எங்கள் வீட்டில் நின்றதும் ஜிம்னிதான், 1999ஆம் ஆண்டுடையது. அப்பா 2004இல் வாங்கினார், அவருக்குப் பிறகு நான் ஓடினேன். புதியது வந்தபோது பழையதில் இருந்து கணிசமான பாகங்களைக் கழற்றி இதற்குப் பூட்டினேன். அவற்றில் எவை சரிவந்தன, எவை தொல்லை தந்தன என்பதைத்தான் எழுதப் போகிறேன். இதே வேலையைச் செய்ய நினைக்கிறவர்களுக்கு என் நான்கு வருடம் கொஞ்சமாவது பயன்படட்டும்.

பழையதை ஏன் விட்டேன் என்றால், கறள். கொழும்பு வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கமாக இறங்கும் ஒழுங்கை ஒன்றில் இருக்கிறோம். ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் கடல். தென்மேற்குப் பருவக்காற்று அடிக்கிற மாதங்களில் காலையில் கண்ணாடியைத் துடைத்தால் துணியில் உப்புப் பிசுக்கு ஒட்டும். அது கண்ணாடியோடு நிற்பதில்லை. பின்பக்கத் தரை, சீற் பெல்ட் பிணைக்கும் இடம், பொடி சேஸியில் உட்காரும் புள்ளிகள் என்று வருடக்கணக்காகத் தின்றுவிட்டது. மூன்று தடவை வெல்டிங் பிடித்தோம். நான்காவது தடவை கிருலப்பனையில் எங்கள் வாகனத்தைப் பார்க்கிற மெக்கானிக் பாஸ், "இனி ஒட்டுறதுக்கு நல்ல தகடு எங்க இருக்கு, காட்டுங்க?" என்று கேட்டார். எஞ்சினும் கியர்பொக்ஸும் நல்ல நிலையில்தான் இருந்தன. பொடிதான் முடிந்துவிட்டது.

அப்போது நாட்டில் வாகன இறக்குமதி நின்று ஒன்றரை வருடம் தாண்டியிருந்தது. 2020 மார்ச்சில் நிறுத்தினார்கள், தனியார் வாகனத்துக்கு மறுபடி கதவு திறந்தது 2025 பெப்ரவரியில்தான். பாவித்த வாகனங்களின் விலை ஏறிக்கொண்டே போனது. பெரிய ஜீப்புகளை நினைத்தும் பார்க்க முடியாது. எனக்குத் தேவை வடக்கே ஒட்டுசுட்டான் பக்கம் எங்கள் வயலுக்கு மாரி காலத்திலும் போய்வரக்கூடிய, கொழும்பு ஒழுங்கைக்குள் திருப்பக்கூடிய, பெற்றோலில் ஓடும் சின்ன நாலுசில்லு இழுவை வாகனம். அதனால் மறுபடியும் ஜிம்னி. கீழே படுத்து ஸ்குறூ டிரைவர் நுனியால் தட்டித் தட்டிப் பார்த்தேன். மலையகத்தில் நின்ற வாகனம், அடித்தகடு சுத்தமாக இருந்தது. மீற்றரில் 94,000 கிலோமீற்றர். உடனே முடிவெடுத்தேன்.

இரண்டுமே மூன்றாம் தலைமுறை ஜிம்னி என்பதுதான் இந்தக் கதைக்கு அடிப்படை. அதே ஏணிச் சட்டம், முன்னும் பின்னும் கோயில் ஸ்பிரிங்கோடு திட அக்சில், அதே 2250 மில்லிமீற்றர் சில்லிடைத் தூரம். எஞ்சின் மட்டும் வேறு. பழையதில் ஜி13பிபி, டைமிங் பெல்ட் உள்ளது. புதியதில் எம்13ஏ, டைமிங் செயின். இரண்டும் 1.3 லீற்றர்தான். நாலுசில்லு இழுவைக்கு மாற்றும் முறையும் வேறு: பழையதில் தரையில் நெம்புகோல், புதியதில் டாஷ்போர்டில் பொத்தான்.

எஞ்சினை மாற்றும் யோசனை எனக்கு இருக்கவில்லை. எஞ்சின் இலக்கம் பதிவுச் சான்றிதழில் இருக்கிறது. மாற்றினால் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் பதிய வேண்டும், அதற்கு ஏற்ற காரணமும் இல்லை. முன்சில்லுக்கும் இழுவையைப் பிரித்துக் கொடுக்கும் பழைய நெம்புகோல் ட்ரான்ஸ்பர் பெட்டியில் எனக்கு ஆசை இருந்தது, அதை மறைக்க மாட்டேன். கையால் இழுத்தால் விழுந்ததா இல்லையா என்று கையே சொல்லும். ஆனால் வயரிங்கைத் தொட வேண்டும், தரையை வெட்ட வேண்டும் என்று பாஸ் சொன்னதும் விட்டுவிட்டேன். நல்ல தகட்டுக்காக வாங்கிய வாகனத்தில் தகட்டை வெட்ட மனம் வரவில்லை.

முதலில் மாறியவை ரிம்மும் ரயரும். இரண்டுக்கும் ஐந்து போல்ட், 139.7 மில்லிமீற்றர் வட்டம், அப்படியே உட்கார்ந்தன. ரயர் 215/75ஆர்15, சேற்றுக்கும் தாருக்கும் பொதுவான பட்டன் (தரையைப் பிடிக்கும் வெட்டு). பழைய ஜீப்புக்கு வாங்கி ஒரு வருடம்கூட ஆகவில்லை. பாவித்த ரயர் எடுக்கிறவர்கள் பட்டன் ஆழத்தை மட்டும் பார்க்காமல் பக்கச் சுவரில் உள்ள நாலு இலக்கத்தைக் கட்டாயம் படியுங்கள். என்னுடையதில் 3520 என்று இருந்தது, 2020இன் 35ஆவது வாரம் என்று அர்த்தம். பட்டன் கருகருவென்று இருந்தாலும் பழசான ரப்பர் மழையில் பிடிக்காது.

இந்த வாகனத்துக்குரிய அளவு 205/70ஆர்15. கணக்குப் போட்டால் என் ரயர் 35 மில்லிமீற்றர் அளவுக்கு விட்டத்தில் பெரிது. வயிற்றுக்கும் தரைக்கும் இடையில் கூடுதலாகக் கிடைப்பது அதில் பாதி. வரம்பு தாண்டும்போது அந்தப் பாதியே பெரிய விஷயம். ஆனால் மீற்றர் 80 காட்டினால் உண்மையில் 84 ஓடுகிறோம். தூரத்தையும் ஐந்து சதவீதம் குறைத்தே எண்ணும், ஆகவே லீற்றருக்கு எத்தனை கிலோமீற்றர் என்று பார்க்கும்போது இதைச் சேர்க்க வேண்டும். அப்படிச் சேர்த்து எனக்குக் கிடைப்பது கொழும்பு நெரிசலில் 8 முதல் 9, புத்தளம் வீதியில் நிதானமாகப் போனால் 12. கடுகண்ணாவை ஏற்றத்தில் மூன்றாம் கியருக்கு இறங்க வேண்டியிருக்கிறது. சின்ன எஞ்சினுக்குப் பெரிய சில்லு பூட்டினால் இதை ஏற்றுக்கொள்ளத்தான் வேண்டும்.

அடுத்தது ஸ்பிரிங். பழையதில் 40 மில்லிமீற்றர் உயர்த்திய ஸ்பிரிங் நான்கும் நன்றாக இருந்தன. புது ஷொக் நான்கு எடுத்து அவற்றோடு பூட்டினோம். முதல் பயணம் டிசம்பரில். சிலாபம் தாண்டி ஒரு பாலத்தின் இணைப்பில் ஏறி இறங்கியதும் ஸ்டியரிங் கையில் நிற்காமல் இடமும் வலமும் அடித்தது. முன்சில்லு இரண்டும் நடுங்குகின்றன, பக்கத்தில் மனைவி, பின்னால் அம்மா. பிரேக்கை மெல்ல அழுத்தி 50க்குக் கீழே வந்ததும் நின்றது. மீதித் தூரம் முழுக்க அறுபதைத் தாண்டவில்லை.

திட அக்சில் வாகனத்தில் இந்தக் குலுக்கம் தெரிந்த விஷயம்தான். எல்லோரும் உடனே சொல்வது, ஸ்டியரிங் டாம்பரை, அதாவது ஸ்டியரிங் அதிர்வைத் தணிக்கும் ஷொக்கை, மாற்று என்று. அதைச் செய்யாதீர்கள் என்று மன்றாடிக் கேட்கிறேன். டாம்பர் நோயை மறைக்கும், தீர்க்காது. பாஸ் ஒழுங்காக ஒன்றன்பின் ஒன்றாகப் பார்த்தார். முதலில் சில்லு பலன்ஸ், ரிம் வளைந்திருக்கிறதா என்று. ஒன்றில் கொஞ்சம் நெளிவு, அதை ஸ்பெயர் ஆக்கினோம். பிறகு முன்பக்கத்தை உயர்த்திச் சில்லை மேலும் கீழும் பிடித்து ஆட்டினார். ஆட்டம் இருந்தது. கழற்றிப் பார்த்தால், சில்லு இடம்வலம் திரும்பும் அச்சைத் தாங்கும் கிங்பின் பெயாரிங்கில் உருளைகள் தண்ணீர் பட்டுக் கறள் பிடித்துப் பள்ளம் விழுந்திருந்தன. நான்கையும் மாற்றினோம். அக்சிலைக் குறுக்காகப் பிடிக்கும் கம்பியின் புஷ்களும் வெடித்திருந்தன, அவையும் புதிது.

குலுக்கம் முக்கால்வாசி போனது, முழுதாகப் போகவில்லை. மீதிக்குக் காரணம் நான் மாற்றிய அதே ஸ்பிரிங். வாகனத்தை உயர்த்தினால் முன் அக்சில் சற்றே உருண்டு காஸ்டர் கோணம், அதாவது சில்லு திரும்பும் அச்சு பின்னுக்குச் சாய்ந்திருக்கும் அளவு, குறைந்துவிடும். திருப்பிய ஸ்டியரிங் தானாக நேருக்கு வருவதும் நேர்ப்பாதையில் சில்லு தடுமாறாமல் நிற்பதும் அந்தக் கோணத்தால்தான். பழைய ஜீப்பில் அப்பா அக்சிலைச் சேஸியோடு பிணைக்கும் ரேடியஸ் ஆர்முக்கு, அந்தக் கோணத்தை மீட்கும், துளை நடுவில் இருந்து விலகிய காஸ்டர் புஷ் போட்டிருந்தார். ஸ்பிரிங்கைக் கழற்றியவன் அந்த புஷ் எதற்கு இருக்கிறது என்று யோசிக்கவில்லை. அவற்றின் ரப்பர் பிசுபிசுத்திருந்ததால் புதிதாகத் தேடி எடுத்துப் பூட்டினோம். அன்றிலிருந்து இன்றுவரை 100இலும் ஸ்டியரிங் அமைதியாக இருக்கிறது. ஒரு பாகத்தை எடுத்தால் அதற்குத் துணையாக இருந்த பாகத்தையும் சேர்த்தே பாருங்கள்.

அந்த புஷ்ஷைத் தேடித்தான் பஞ்சிகாவத்தைக்குப் போனேன். மருதானைப் பக்கம் போனவர்களுக்குத் தெரியும், வீதியின் இருபுறமும் கதவு, கியர்பொக்ஸ், ஹெட்லைட் என்று கூரைவரை அடுக்கியிருக்கும். வழமையாகப் போகிற கடைக்காரர், நாங்கள் நானா என்று கூப்பிடுகிறவர், நான் கொண்டுபோன பழைய பிரேக் ஹோஸையும் எஞ்சின் மவுண்டையும் நகத்தால் கீறிப் பார்த்தார். "தம்பி, இரும்ப நம்புங்க, ரப்பர நம்ப வாணாம். இது ரெண்டையும் வீசிருங்க" என்றார். தன் கடையில் இருந்த பாவித்த ஹோஸையும் எனக்கு விற்க மறுத்துவிட்டார். பிரேக் சம்பந்தமான ரப்பர் எல்லாம் புதுசாகவே போட்டேன்.

எல்லாவற்றிலும் எனக்கு அதிகம் உதவியது முன்சில்லு லொக்கிங் ஹப், அதாவது முன்சில்லை அக்சிலோடு பூட்டவும் விடவும் செய்கிற பகுதி. ஜிம்னியில் பொத்தானை அழுத்தினால் குழாய் வழியாகக் காற்றை உறிஞ்சி ஹப்பைப் பூட்டும் முறை உண்டு. இடையில் ரப்பர் சீல்கள் இருக்கின்றன, வயது போனால் அவை காயும். முதல் மாரியில் வயல் பாதையில் இறங்கிப் பொத்தானை அழுத்தினேன். பச்சை விளக்கு மின்னிக்கொண்டே இருந்தது, நிலையாக எரியவில்லை. பின்சில்லு மட்டும் சுழன்று அக்சில்வரை புதைந்தது. மச்சான் ட்ராக்டர் கொண்டுவந்து இழுத்தார்.

பழைய ஜீப்பில் அப்பா 2009இல் கையால் திருப்பும் ஹப் இரண்டு பூட்டியிருந்தார். விற்காமல் கழற்றி வைத்திருந்தேன். அக்சில் முனைப் பற்கள் அச்சொட்டாகப் பொருந்தின. பழைய கிரீஸைப் பெற்றோலில் கழுவி, புதிதாக மெல்லப் பூசி, புது காகித கஸ்கட் போட்டுப் பூட்டினோம். உறிஞ்சு குழாயின் வாயை இறுக்கமாக அடைக்க வேண்டும், கசிந்தால் டாஷ்போர்டு விளக்கு மறுபடி மின்னும். இப்போது மாங்குளத்தில் தேத்தண்ணி குடிக்க நிற்கும்போதே இரண்டு ஹப்பையும் பூட்டிவிடுவேன். ஹப்பைப் பூட்டியபடி இருசில்லு இழுவையில் தார் வீதியில் ஓடுவதால் கெடுதி இல்லை. நாலுசில்லு இழுவையைக் காய்ந்த தாரில் போடுவதுதான் கூடாது. வேக வித்தியாசத்தைச் சரிக்கட்டும் டிபரன்சியல் நடுவில் இல்லாததால் வளைவில் முன்னும் பின்னும் ஒன்றையொன்று முறுக்கும்.

கூரைத் தட்டு, பின்கொழுக்கி, இரண்டு முன்சீற்றும் சிரமமில்லாமல் மாறின. பட்டறியை மாற்றியது வீண், நாலு மாதத்தில் செத்தது. பின் டிபரன்சியலைக் கழற்றி வைத்திருக்கிறேன், ஆனால் பூட்டவில்லை. முன்னும் பின்னும் பல் விகிதம் ஒன்றாக இல்லாவிட்டால் நாலுசில்லில் போட்ட அன்றே எல்லாம் உடையும். பல்லை எண்ணிப் பார்க்காமல் தொடமாட்டேன்.

2022இல் பெற்றோல் 470 ரூபாவுக்குப் போய், பிறகு கியூஆர் குறியீட்டுப் பங்கீட்டு முறையில் வாரத்துக்கு 20 லீற்றர் என்று வந்தபோது, தாங்கி 40 லீற்றர் கொள்ளும் இந்த வாகனம் வாரக்கணக்கில் வாசலில் நின்றது. ஓடாமல் நிற்கும் வாகனத்தைத்தான் கடற்காற்று விரும்பித் தின்னும். ஒவ்வொரு ஞாயிறும் நல்ல தண்ணீரால் அடிப்பக்கம் கழுவினேன். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை அடிப்பூச்சு. பழைய ஜீப்புக்கு நாங்கள் செய்யத் தவறியது இதைத்தான். பொடி சேஸியில் உட்காரும் புள்ளிகளில் இன்றுவரை கறள் இல்லை.

இப்போது மீற்றரில் 148,000. எஞ்சின் ஒயில் 5,000க்கு ஒருமுறை மாற்றுகிறேன், செயின் சத்தம் கேட்டதில்லை. புகைப் பரிசோதனை ஒவ்வொரு வருடமும் ஒரே தடவையில் முடிகிறது. இந்த வருடம் அதே அளவில் புது ரயர் போட்டேன். கிங்பின் பெயாரிங்கை மாரிக்கு முன் மறுபடி திறந்து பார்க்கச் சொல்லியிருக்கிறேன்.

பழைய ஜீப்பின் பொடியையும் எஞ்சினையும் பதிவுப் புத்தகத்தோடு நானா வழியாக விற்றேன். அதில் இருந்து நான் கடைசியாக எடுத்தது சில்லுச் சாவி. கைக்குப் போதிய பலம் கிடைக்க அப்பா அதன் வாலில் ஒரு அடிக் குழாய் வெல்டிங் பிடித்திருந்தார். போன மாதம் ஒட்டுசுட்டான் வீதியில் முள் ஏறி ரயர் இறங்கியது. நான் தேடுவதற்குள் அம்மா பின்சீற்றுக்கு அடியில் கையை விட்டு அதை எடுத்து நீட்டினார். பழையதிலும் அது அந்த இடத்தில்தான் இருந்தது.