நம்பிக்கை மையம்: அரசு மருத்துவமனையில் இலவச எச்.ஐ.வி. பரிசோதனை எப்படி இருக்கிறது?

தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளில் 'நம்பிக்கை மையம்' என்று ஒரு போர்டு இருக்கும், பார்த்தும் பார்க்காத மாதிரி கடந்து போகிறவர்கள்தான் அதிகம். எச்.ஐ.வி. பரிசோதனை அங்கே இலவசம். தனியார் லேபிலும் எடுத்திருக்கிறேன், இப்போது இங்கேயும் எடுத்தாயிற்று, அதனால் சொல்கிறேன்: மனதில் சந்தேகம் இருந்தால் நம்பிக்கை மையத்துக்கே போங்கள்.

காரணம் அங்கே இருக்கும் ஆலோசகர். லேபில் ரத்தம் எடுத்துக்கொண்டு சாயங்காலம் ஒரு தாளைக் கொடுப்பார்கள், அவ்வளவுதான். இங்கே ரத்தம் எடுப்பதற்கு முன்பே கதவைச் சாத்திவிட்டு உட்கார வைத்துப் பேசுகிறார்கள். ஆணுறை இல்லாமல் உறவு இருந்ததா, யாருடனாவது ஊசியைப் பகிர்ந்ததுண்டா, கடைசியாக எப்போது என்று அந்த அக்கா நேராகவே கேட்டார், முகத்தில் சின்னச் சுளிப்புகூட இல்லை. ரத்தம், விந்து, பிறப்புறுப்புத் திரவம், ஆசனவாய்த் திரவம், தாய்ப்பால் வழியாகத்தான் பரவும், கொசு கடித்தோ ஒரே தட்டில் சாப்பிட்டோ கட்டிப்பிடித்தோ வராது என்று பொறுமையாக விளக்கினார். ஆசனவாய் உறவில் ஆபத்து கூடுதல் என்பதையும் பூசி மெழுகாமல் சொன்னார். ஆணுறுப்பு மாதிரி ஒன்றை வைத்து ஆணுறை போடும் முறையைக் காட்டினார்: காலாவதி தேதியைப் பார்க்க வேண்டும், நுனியை அழுத்திக் காற்றை எடுக்க வேண்டும், தேங்காய் எண்ணெய், வாசலின் எதுவும் தடவக் கூடாது, ரப்பர் கிழிந்துவிடும். இதையெல்லாம் நமக்குப் பள்ளியில் யார் சொல்லிக் கொடுத்தார்கள்?

ரிசல்ட் அன்றைக்கே வந்துவிட்டது. நெகட்டிவ்தான், ஆனாலும் தொற்று ஏறிய புதிதில் பரிசோதனையில் தெரியாமல் போகலாம் என்பதால் 3 மாதம் கழித்து மறுபடி வரச் சொன்னார். பாசிட்டிவ் என்றால் எச்.ஐ.வி.க்கு சிகிச்சை தரும் ஏ.ஆர்.டி. மையத்துக்கு அனுப்புவார்கள், மாத்திரையும் இலவசம். அதை விடாமல் சாப்பிட்டு, ரத்தத்தில் வைரஸ் கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்து அப்படியே இருந்தால், உடலுறவு வழியாக அடுத்தவருக்குப் பரவாது. கர்ப்பிணிகள் சிகிச்சை எடுத்துக்கொண்டால் குழந்தைக்குத் தொற்றும் வாய்ப்பை 5 சதவீதத்துக்கும் கீழே கொண்டுவர முடியும்.

குறைகளும் உண்டு, சொல்லாமல் இருக்க முடியாது. காத்திருக்கும் பெஞ்ச் எல்லோரும் நடக்கிற வராந்தாவில் கிடக்கிறது, ரத்தம் எடுக்கும் இடத்தில் பெயரைச் சத்தமாகக் கூப்பிடுகிறார்கள். எச்.ஐ.வி. விவரங்களை ரகசியமாக வைக்க வேண்டும் என்று 2017ஆம் ஆண்டுச் சட்டமே இருக்கிறது, பயந்து பயந்து வருகிறவரைப் பெயர் சொல்லி அழைத்தால் அவர் அடுத்த முறை வருவாரா? இலவச ஆணுறைப் பெட்டியும் காலியாக இருந்தது, கேட்ட பிறகுதான் உள்ளே இருந்து எடுத்துக் கொடுத்தார்கள். வேலைக்குப் போகிறவர்கள் லீவு போட்டுத்தான் வர வேண்டியிருக்கிறது, சாயங்காலம் கொஞ்ச நேரம் திறந்து வைத்தால் எவ்வளவோ பேர் வருவார்கள்.

நேரில் போகத் தயக்கமாக இருந்தால் முதலில் 1097க்கு போன் செய்யுங்கள், கட்டணம் கிடையாது. அப்புறம், ஆணுறை கிழிந்துவிட்டது, அடுத்தவருக்குப் போட்ட ஊசி குத்திவிட்டது என்றால் நம்பிக்கை மையம் திறக்கும் வரை காத்திருக்காதீர்கள், நேராக அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போய் எச்.ஐ.வி. தொற்றாமல் இருக்கத் தடுப்பு மாத்திரை கேளுங்கள். 72 மணி நேரத்துக்குள் ஆரம்பிக்க வேண்டும், எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது, 28 நாள் விடாமல் சாப்பிட வேண்டும்.