உவர்மலைக் கல்வி நிலையமொன்றின் பெற்றோர் சந்திப்பு: ஒரு மதிப்பீடு

உவர்மலையில் தரம் 10, 11 மாணவருக்கு வகுப்பு நடத்தும் சிறியதொரு தனியார் கல்வி நிலையத்தில் என் மகள் கணிதமும் விஞ்ஞானமும் படித்து வருகிறாள். திருகோணமலை நகரில் ரியூசன் வகுப்புகளுக்குக் குறைவில்லை. கற்பித்தலில் இந்நிலையம் மற்றவற்றை விடப் பெரிதும் மேம்பட்டது என்றும் சொல்லமாட்டேன். ஆனால் மாதந்தோறும் அங்கு நடைபெறும் பெற்றோர் சந்திப்பைப் போன்ற பயனுள்ள ஏற்பாட்டை நான் வேறெங்கும் கண்டதில்லை.

சந்திப்பில் பொதுவான அறிவுரை எதுவும் கிடையாது. ஒவ்வொரு பெற்றோரையும் தனித்தனியே அழைத்து, மொத்தப் புள்ளி எழுதிய மூலையை மடித்துவிட்டு, பிள்ளையின் விடைத்தாளை ஆசிரியர் விரித்து வைப்பார். என் மகளின் தாளில் பின்னக் கணக்கொன்று இருந்தது. ஒருவர் தம் காணியின் ஒரு பகுதியில் நெல் விதைத்து, மீதியின் மூன்றில் ஒரு பங்கில் மிளகாய் நட்டார் என்பது வினா. அவள் முழுக் காணியின் மூன்றில் ஒரு பங்கென்று கொண்டு, அதற்குப் பின் எல்லாவற்றையும் பிழையின்றிச் செய்திருந்தாள். “இவவுக்குக் கணக்குத் தெரியும் அம்மா, கேள்வியைத்தான் அவசரமாக வாசிக்கிறா” என்றார் ஆசிரியர். கணிதத்தில் பலவீனம் என்று நாங்கள் இவ்வளவு காலமும் கவலைப்பட்டது உண்மையில் வாசிப்பில் இருந்த குறை. வீட்டில் வினாவை உரத்து வாசிக்கச் செய்து, அதை அவளுடைய சொற்களிலேயே திருப்பிச் சொல்லக் கேட்க வேண்டும் என்பதே அவர் எனக்குத் தந்த வேலை. கணிதம் மறந்துபோன பெற்றோரும் செய்யக்கூடிய உதவி அது.

பரீட்சையின் அமைப்பையும் அங்கே விளக்குகிறார்கள். தரம் 11 முடிவில் எழுதும் பொதுப் பரீட்சையான சாதாரண தரத்தில், கணிதத்தின் முதலாம் வினாத்தாளுக்கு 2 மணி நேரம். அதில் 2 புள்ளி வீதம் 25 சிறு வினாக்களும், 10 புள்ளி வீதம் 5 வினாக்களும் உள்ளன. இரண்டாம் வினாத்தாளுக்கு 3 மணி நேரம். 12 வினாக்களில் 10 வினாக்களுக்கு விடையளிக்க வேண்டும். இது தெரிந்தால், கடந்தகால வினாத்தாளொன்றை மேசையில் வைத்து, கடிகாரத்தைப் பார்த்தபடி பிள்ளையின் அருகில் இருப்பதற்குத் தாயோ தந்தையோ பட்டதாரியாக இருக்கத் தேவையில்லை. 35 புள்ளி சாதாரண சித்தி, 50 புள்ளி திறமைச் சித்தி என்பதும், உயர்தரத்துக்குச் செல்லத் தாய்மொழியும் கணிதமும் உட்பட ஆறு பாடங்களில் சித்தியும் அவற்றுள் மூன்றில் திறமைச் சித்தியும் வேண்டும் என்பதும் பலருக்கு அங்கேதான் தெளிவாகின்றன. “ஒன்பது ஏ”, அதாவது ஒன்பது பாடங்களிலும் அதியுயர் சித்தி, என்ற பேச்சையே கேட்டு அஞ்சியிருக்கும் வீடுகளுக்கு இந்தத் தெளிவு பெரிய ஆறுதல்.

குறைகளும் உண்டு. சந்திப்பு வேலைநாட்களில் பிற்பகலில் நடப்பதால் தந்தையர் வருவது அரிது. கடற்றொழிலுக்குச் செல்லும் குடும்பங்கள் மிகுந்த திருக்கடலூரிலிருந்து வரும் தாய்மார் ஆசிரியர் சொன்னதை வீட்டில் மீண்டும் விளக்க வேண்டியிருக்கிறது. ஞாயிறு காலை வகுப்பு அறநெறிப் பாடசாலை நேரத்தோடு மோதுகிறது. இதை நிர்வாகம் கட்டாயம் மாற்ற வேண்டும். வகுப்பறையும் நெருக்கமானது. தரம் 10இல் தொகுதிப் பாடங்களை, அதாவது கட்டாயப் பாடங்களுக்குப் புறம்பாக மாணவர் எடுக்கும் பாடங்களை, தெரிவுசெய்வது பற்றி நிலையத்தினர் ஒரு வார்த்தையும் பேசுவதில்லை; பிள்ளையின் விருப்பத்தையும் பின்னர் எடுக்கப்போகும் உயர்தரப் பிரிவையும் சேர்த்து யோசிக்க வேண்டிய அந்த முடிவுக்கு, பாடசாலையின் வகுப்பாசிரியரைத்தான் நாட வேண்டியிருந்தது.

பாடவாரியாகக் கட்டணம் அறவிடுவதால் இரண்டு பிள்ளைகள் உள்ள வீட்டுக்குச் சுமை கூடும். ஏற்கெனவே நல்ல புள்ளி பெறும் பிள்ளைக்கு இங்கே புதிதாகக் கிடைப்பது குறைவு. 35க்கும் 50க்கும் இடையில் நிற்கும் பிள்ளையின் பெற்றோருக்குத் தயக்கமின்றிப் பரிந்துரைப்பேன். முதற் சந்திப்புக்குத் தேர்ச்சி அறிக்கையை மட்டும் கொண்டு செல்லாமல், பாடசாலையில் திருத்தித் தந்த தவணைப் பரீட்சை விடைத்தாள்களையும் எடுத்துச் செல்லுங்கள். ஆசிரியர் முதலில் கேட்பது அவற்றைத்தான்.