கீட்டோன் மீட்டர்: கொடைக்கானல் குளிரில் எவ்வளவு நம்பலாம்?

ரத்தச் சர்க்கரை, கீட்டோன் இரண்டையும் பார்க்கும் கைக்கருவி பற்றிய விமர்சனம் இது. கம்பெனிப் பெயர் எதுவும் கிடையாது. இந்த வகை மீட்டர்களின் குணம் பெரும்பாலும் ஒன்றுதான், மலைமேல் அவை பண்ணும் அடமும் ஒன்றுதான். வலிப்புக்கோ மனநலச் சிகிச்சைக்கோ மருத்துவர் மேற்பார்வையில் கீட்டோ உணவு (மாவுச்சத்தை வெகுவாகக் குறைத்து, கொழுப்பைக் கூட்டிய உணவு) எடுப்பவர்களை மனதில் வைத்து எழுதியது. உடம்பு இளைக்க மட்டும் கீட்டோ பிடிப்பவர்களுக்கு இந்தச் செலவு தண்டம்.

மூளை உடல் எடையில் 2 சதவீதம்தான். ஆனால் ஓய்வில் உடல் செலவழிக்கும் ஆற்றலில் ஐந்தில் ஒரு பங்கு அதற்கே போகிறது. நாளுக்கு ஏறக்குறைய 120 கிராம் குளுக்கோஸ். மாவுச்சத்தை வெகுவாகக் குறைத்தால் கல்லீரல் கொழுப்பை உடைத்துக் கீட்டோன் செய்யும். மூளைச் செல்லுக்குள் ஆற்றல் தயாரிக்கும் மைட்டோகாண்ட்ரியா அதையும் எரித்து வேலை பார்த்துக்கொள்ளும். நீண்ட பட்டினியில் மூளையின் தேவையில் பாதிக்கு மேல் கீட்டோனே ஈடுகட்டுகிறது என்று 1967இல் அமெரிக்க மருத்துவ ஆய்வாளர் ஜார்ஜ் கேஹில் குழுவினர் அளந்து காட்டினார்கள். அதற்கு வெகுமுன்பே, 1921இல், அமெரிக்காவின் மேயோ கிளினிக் மருத்துவர் ரஸ்ஸல் வைல்டர் வலிப்புக்காக இந்த உணவுமுறையை முன்வைத்தார். குளுக்கோஸை மூளைக்குள் கொண்டுபோகும் கடத்திப் புரதம் பழுதாகப் பிறக்கும் குழந்தைகளுக்கு இன்றும் இதுதான் முதல் சிகிச்சை. மனநோய் விஷயத்தில் அவ்வளவு உறுதி கிடையாது. 2024இல் ஸ்டான்ஃபோர்டிலிருந்து வந்த 4 மாத ஆய்வில் இருமுனைக் கோளாறும் மனச்சிதைவும் உள்ளவர்களிடம் முன்னேற்றம் தெரிந்தது. ஆனால் ஆட்கள் இருபத்துச் சொச்சம் பேர், ஒப்பீட்டுக் குழுவும் இல்லை.

ஆகவே மீட்டர் எதைச் சொல்லும் என்பதில் குழப்பம் வேண்டாம். ரத்தத்தில் கீட்டோன் என்ற எரிபொருள் ஓடுகிறதா என்பதை மட்டும் சொல்லும். மனசு எப்படி இருக்கிறது என்பதை அதனிடம் கேட்கக்கூடாது. ஒரு லிட்டர் ரத்தத்தில் கீட்டோன் 0.5 மில்லிமோலுக்குக் கீழே இருந்தால் கீட்டோ நிலைக்கு வரவில்லை என்று பொருள். 0.5 முதல் 3 வரை உணவால் வரும் கீட்டோ நிலை. 1.2 வந்த நாளைவிட 2.4 வந்த நாளில் மனம் இரண்டு மடங்கு தெளியும் என்ற கணக்கெல்லாம் கிடையாது.

இனி குளிர். இந்தக் கருவிகள் பலவற்றுக்கு இயங்கும் வெப்பநிலையின் கீழ் எல்லை 10 டிகிரி. ரத்தத்துளியை உறிஞ்ச மீட்டரில் செருகும் பட்டைதான் ஸ்டிரிப்; கீட்டோன் ஸ்டிரிப்புக்குத் தனி எல்லை இருக்கலாம் என்பதால் ஸ்டிரிப் பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கும் தாளைப் படியுங்கள். மார்கழி, தை காலையில் கொடைக்கானல் வீடுகளின் உள்ளறையே அந்த எல்லையைத் தொட்டுவிடும். மீட்டர் வெப்பமானிப் படம் காட்டி மறுத்துவிட்டால் பிழைத்தோம், ஸ்டிரிப் வீணாகாது. எல்லைக்கு ஒட்டி நிற்கும்போது வரும் எண்தான் சந்தேகத்துக்குரியது. மீட்டரையும் உறை பிரிக்காத ஸ்டிரிப்பையும் ஸ்வெட்டர் பையில் 20 நிமிடம் வைத்திருந்துவிட்டுப் பாருங்கள். அடுப்புத் திட்டிலோ ஹீட்டர் முன்னாலோ வைத்துச் சூடேற்ற வேண்டாம், எல்லையின் மறுபக்கம் போய்விடும்.

அதைவிடப் பெரிய தொல்லை விரல். குளிரில் ரத்தக்குழாய் சுருங்கிக் கிடக்கும், குத்தினாலும் துளி திரளாது. உடனே எல்லோரும் விரலைப் பிழிவார்கள். பிழிந்தால் திசுநீர் கலந்து எண் மாறும். வெந்நீரில் சோப்புப் போட்டு ஒரு நிமிடம் கையைக் கழுவி, ஈரம் போகத் துடைத்து, கையைத் தொங்கப்போட்டு நாலு உதறு உதறுங்கள். நடுவிரல் அல்லது மோதிரவிரலின் பக்கவாட்டில் குத்துங்கள். நுனியில் குத்தினால் வலி கூடுதல். கீட்டோன் ஸ்டிரிப்புக்குச் சர்க்கரை ஸ்டிரிப்பைவிடச் சற்றுப் பெரிய துளி வேண்டும். கடுகளவு திரண்ட பிறகே ஸ்டிரிப் முனையைக் கொண்டுபோங்கள். பாதி உறிஞ்சியதும் நின்றுவிட்டால் மேலும் ஒரு துளி வைத்து ஒப்பேற்றாதீர்கள், அந்த ஸ்டிரிப் போனது போனதுதான்.

சானிடைசர் தடவிய கை காயாமல் குத்துவதும், பேரிக்காய், பிளம்ஸ் நறுக்கிய கையோடு குத்துவதும் இங்கே சகஜமான தப்புகள். விரலில் ஒட்டிய பழச்சாறு போதும், சர்க்கரை எண் ஏகத்துக்கு எகிறிவிடும்.

உயரம் பற்றிப் பலரும் கேட்கிறார்கள். கொடைக்கானல் 2,100 மீட்டர் சொச்சம். பெரும்பாலான மீட்டர்கள் 3,000 மீட்டர் வரை தாங்கும். ஆக்ஸிஜன் குறைந்த இடத்தில் ‘குளுக்கோஸ் ஆக்ஸிடேஸ்’ என்ற நொதியை வைத்து அளக்கும் சர்க்கரை ஸ்டிரிப்புகள் சற்றுத் தடுமாறக்கூடும். ‘டிஹைட்ரஜனேஸ்’ நொதி வகைக்கு அந்தப் பிரச்சினை இல்லை. எந்த வகை என்று அதே தாளில் போட்டிருக்கும்.

எந்நேரம் பார்ப்பது? காலையில் கார்டிசோல் என்ற ஹார்மோன் ஏறுவதால் சர்க்கரை கூடி, கீட்டோன் பெரும்பாலும் தாழ்வாகவே இருக்கும். சாயங்காலம், இரவுச் சாப்பாட்டுக்கு முன் பார்த்தால் ஏறியிருக்கும். எந்த நேரமானாலும் சரி, தினமும் அதே நேரமாக இருக்க வேண்டும். காலை எண்ணையும் மாலை எண்ணையும் பக்கத்தில் வைத்து ‘இறங்கிவிட்டதே’ என்று பதறுவதில் அர்த்தமில்லை.

சில மீட்டர்களும் செயலிகளும் சர்க்கரை–கீட்டோன் விகிதம் என்று ஓர் எண்ணைக் கணக்குப் போட்டுத் தருகின்றன. நம் ஊரில் சர்க்கரை மில்லிகிராமிலும் கீட்டோன் மில்லிமோலிலும் வருவதால், சர்க்கரையை 18ஆல் வகுத்துவிட்டுத்தான் கீட்டோனால் வகுக்க வேண்டும். சர்க்கரை 90, கீட்டோன் 1.0 என்றால் விகிதம் 5. 18ஐ மறந்தால் 90 என்று வந்து வயிற்றைக் கலக்கும். அந்த விகிதமே 2015இல் மூளைக்கட்டி ஆய்வுக்காகச் சொல்லப்பட்டது. மனநலத்துக்கு அதை இலக்காக வைத்து ஓடுவது தேவையில்லாத வேலை.

மீட்டர் விலை பெரிதல்ல, ஸ்டிரிப்தான் பணத்தைத் தின்னும். கீட்டோன் ஸ்டிரிப் ஒன்று சர்க்கரை ஸ்டிரிப்பைப்போலப் பல மடங்கு விலை. முதல் இரண்டு வாரம் தினம் ஒன்று, பிறகு வாரத்துக்கு இரண்டு என்று வைத்துக்கொண்டால் கட்டுப்படியாகும். வத்தலக்குண்டு வெயிலில் வேனில் கிடந்து மலையேறி வரும் பார்சல் நம்பத்தக்கதல்ல. ஸ்டிரிப் 30 டிகிரிக்கு மேல் கிடக்கக்கூடாது. காலாவதித் தேதி பார்த்து நேரில் வாங்குவதே மேல். வீட்டில் ஃப்ரிட்ஜில் வைக்க வேண்டாம், வெளியே எடுத்ததும் வியர்த்து ஈரமாகும்.

மலிவாக இருக்கிறதே என்று சிறுநீர் ஸ்டிரிப்புக்குப் போகலாமா? முதல் வாரத்துக்குப் போதும். அது பார்ப்பது அசிட்டோஅசிட்டேட் என்ற ஒரு வகைக் கீட்டோனை. ரத்த மீட்டர் பார்ப்பது பீட்டா ஹைட்ராக்ஸிபியூட்டிரேட் என்ற இன்னொரு வகையை. தண்ணீர் நிறையக் குடித்தால் நிறம் வெளுக்கும், வாரங்கள் போகப் போக உடல் பழகியும் வெளுக்கும். டப்பா மூடியைத் திறந்துபோட்டால் கொடைக்கானல் மூடுபனிக்கு அதன் ஆயுள் அவ்வளவுதான்.

எண் திடீரென்று 0.2க்கு விழுந்தால் மீட்டரைத் திட்டுமுன் தட்டைப் பாருங்கள். 100 கிராம் உருளைக்கிழங்கில் மாவுச்சத்து 17 கிராம், கேரட்டிலும் பீட்ரூட்டிலும் 10 கிராம் அளவு. கீழ்மலையில் விளையும் பட்டர் ஃப்ரூட்டில் நார் போக 2 கிராம்தான், கொழுப்போ 15 கிராம். சர்க்கரையும் தேனும் போட்டு ஜூஸாகக் கடையில் கொடுப்பது இந்தக் கணக்கில் சேராது.

ஒரு விஷயத்தில் மட்டும் கறாராக இருக்க வேண்டும். இருமுனைக் கோளாறுக்கு லித்தியம் எடுப்பவர்கள் கீட்டோ தொடங்கினால் முதல் நாட்களில் உப்பும் நீரும் வெளியேறும், ரத்தத்தில் லித்தியம் அளவு ஏறி நஞ்சாகலாம். வலிப்புக்கான டோபிராமேட் மருந்து எடுப்பவர்களுக்குச் சிறுநீரகக் கல், அமிலத்தன்மை இரண்டும் கூடும். சர்க்கரைக்கு டாபாகிளிஃப்லோசின், எம்பாகிளிஃப்லோசின் வகை மாத்திரை போடுபவர்களுக்குச் சர்க்கரை சாதாரணமாகக் காட்டும்போதே கீட்டோஅசிடோசிஸ் (கீட்டோன் மிதமிஞ்சி ரத்தம் அமிலமாகும் ஆபத்தான நிலை) வரலாம். இந்த மருந்துகள் எதை எடுப்பவரானாலும் மருத்துவரைக் கேட்காமல் கீட்டோ தொடங்கவே கூடாது. சர்க்கரை நோயாளிக்குக் கீட்டோன் 3ஐத் தாண்டினாலோ, அதற்கு முன்பே வாந்தி, வயிற்றுவலி, மூச்சிரைப்பு வந்தாலோ மருத்துவமனைக்குக் கிளம்ப வேண்டும். இன்னொரு ஸ்டிரிப் போட்டுப் பார்க்கும் நேரமல்ல அது.

விரலில் குத்திய ஊசியை (லான்செட்) காகிதத்தில் சுருட்டிக் குப்பையில் போடாதீர்கள். பிளாஸ்டிக் பாட்டிலுக்குத் தடையுள்ள ஊர் என்பதால் மூடியுள்ள பால்பவுடர் டின் ஒன்றை ஒதுக்கி, நிரம்பியதும் மருத்துவமனையில் ஊசிக்கழிவோடு எடுத்துக்கொள்வார்களா என்று கேட்டுக் கொடுங்கள். தொட்டியைக் கிளற ராத்திரி காட்டுமாடு வரும், விடிந்ததும் துப்புரவுப் பணியாளர் வெறுங்கையால் அள்ளுவார்.