காய்ச்சல்காரனுக்கு வாங்கிய இலைக்கஞ்சி

ஹட்டன் நகரில், பேருந்து நிலையத்திற்கு அண்மையில், விடியற்காலையில் திறந்து ஒன்பது மணிக்குள் பானை காலியாகிவிடும் சிறிய கஞ்சிக் கடை ஒன்று இருக்கிறது. உயர்தரப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்த என் மகனுக்குச் சுரப்பிக் காய்ச்சல் கண்டு, கழுத்தின் இரு பக்கமும் நெறி கட்டி, எச்சில் விழுங்குவதற்கே முகம் சுளித்த மூன்று வாரங்களும் அங்கேதான் இலைக்கஞ்சி வாங்கினேன்.

எப்ஸ்டீன்-பார் வைரஸால் வரும் இந்நோய்க்கு அன்டிபயோடிக் பயன்படாது. ஓய்வும் நீராகாரமும், வலிக்குப் பரசிட்டமோலும்தான் என்று மருத்துவர் கூறியிருந்தார். ரொட்டியும் சம்பலும் தின்று வளர்ந்த பிள்ளைக்கு இரண்டுமே தொண்டையில் இறங்கவில்லை. இந்தக் கஞ்சி இறங்கியது. சிவப்பரிசியைக் குழைய வேகவைத்து, கடைசியிலேயே தேங்காய்ப்பாலையும் இரண்டு முறை வடிகட்டிய வல்லாரைச் சாற்றையும் ஊற்றிக் கிளறி இறக்குவதால், பச்சை நிறமும் மாறுவதில்லை, நாரும் நாக்கில் தட்டுப்படுவதில்லை. வழக்கமாகப் போடும் மிளகு எரிகிறது என்று நான் சொன்ன மறுநாளே, "டீச்சர், தம்பிக்கு மெளகு போடாம தனியா எடுத்து வச்சிருக்கேன்" என்றார் கடைக்கார அம்மா. கூடவே தரும் கித்துள் கருப்பட்டித் துண்டை அவன் கடிக்காமல் வாயில் ஒதுக்கிக் கரையவிட்டே குடித்தான்.

வல்லாரை நெறியைக் கரைத்துவிடும் என்று அந்த அம்மா அடித்துச் சொல்வதை நான் ஏற்கவில்லை. வேறொன்றும் உள்ளே போகாத நாளில் நீரும் உப்பும் சோறும் ஒன்றாகப் போனதே எனக்குப் போதுமானதாக இருந்தது. (உடம்பு தேற முட்டையில் பிராந்தி அடித்துக் கொடுக்கச் சொன்ன உறவினர்களும் உண்டு, இந்நோயில் கல்லீரலும் வீங்கக்கூடும் என்பதால் மதுவைக் கிட்டவும் சேர்க்கக் கூடாது.) கடையின் இஞ்சித் தேத்தண்ணீரோ, புண்பட்ட தொண்டைக்குக் காரம் அதிகம்.

பெரிய குறை தம்ளர்தான். குடித்த தம்ளர்களையெல்லாம் ஒரே வாளித் தண்ணீரில் முக்கியெடுத்து அடுத்தவருக்கு நீட்டுகிறார்கள். இது எச்சில் வழியே தொற்றும் நோய். காய்ச்சல் விட்டுப் பல வாரங்கள் சென்ற பின்னரும் எச்சிலில் வைரஸ் இருக்கும். இதை இரண்டு முறை எடுத்துச் சொல்லியும் வாளி மாறவில்லை. ஆகவே, ஏழு மணிக்கு முன்னரே, சுடுநீர்ப் போத்தலொன்றை வீட்டிலிருந்து எடுத்துச் சென்று அதில் ஊற்றி வாங்கிவாருங்கள்.