'1930-களின் டொராண்டோ கையுறை' என்று விற்கிறார்கள், உஷார்!

பழைய பேஸ்பால் கையுறை வாங்குகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் பணம் அனுப்புங்கள். ஒன்டாரியோவிலிருந்து இணையத்தில் விற்கும் ஒருவர் என் தலையில் 260 டாலருக்கு ஒரு கையுறையைக் கட்டிவிட்டார். விளம்பரத்தில் இருந்தது இதுதான்: 1930-களில் டொராண்டோவில் தைத்த கூப்பர்-வீக்ஸ் கம்பெனிக் கையுறை, ஆட்டக்காரரின் கையெழுத்துடன், மான்ட்ரியல் ராயல்ஸ் என்ற பேஸ்பால் அணியின் காலத்துச் சரக்கு.

படங்களில் உள்ளங்கைப் பக்கம் மட்டும் தெளிவாக இருந்தது. உட்புறத்தைப் படமெடுத்து அனுப்பச் சொன்னதற்கு, வெளிச்சம் போதவில்லை, நேரில் பார்த்தால் அசந்துபோவீர்கள் என்றார். பார்சலைப் பிரித்ததும் ஷூ பாலிஷ் வாடை. கைக்குட்டையால் துடைத்தால் பழுப்புச் சாயம் அப்படியே ஒட்டிக்கொண்டு வருகிறது.

சரி, பாலிஷ் போட்டதைக்கூட விட்டுவிடலாம். விரல்களைப் பாருங்கள். நான்கும் தோல் வாரால் ஒன்றோடொன்று கோத்திருந்தன. 1920 வாக்கில் பில் டோக் என்ற பந்துவீச்சாளரின் யோசனைப்படி ராலிங்ஸ் நிறுவனம் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வார்களால் வலை வைத்தது. மற்ற விரல்கள் அதற்கப்புறமும் பல வருடங்கள் தனித்தனியாகத்தான் நின்றன. அவற்றைச் சேர்த்துக் கோக்கும் வழக்கம் 40-களில்தான் பரவியது.

பெயரும் பொருந்தவில்லை. டொராண்டோவின் ஜெனரல் லெதர் கூட்ஸ் என்ற தோல்பொருள் கம்பெனி, ஜாக் கூப்பர், செசில் வீக்ஸ் இருவரின் கைக்கு வந்து கூப்பர்-வீக்ஸ் ஆனது இரண்டாம் உலகப் போர் முடிந்த பிறகு. பின்னாளில் கூப்பர் கனடா ஆகி, ஐஸ் ஹாக்கி சாமான்களால் வீட்டுக்கு வீடு தெரிந்த பெயரானது. 60, 70-களின் கூப்பர் கையுறைகள் வீட்டு வாசலில் பழைய சாமான் விற்கும் கராஜ் சேலிலேயே கிடைக்கும், அதற்கு யாரும் 260 டாலர் தரப் போவதில்லை. போருக்கு முந்தைய கனடாத் தயாரிப்பு என்றால்தான் சேகரிப்பவர்கள் பாய்ந்து வாங்குவார்கள். தேதியைப் பின்னுக்குத் தள்ளுவதன் காரணம் அதுதான்.

'கையெழுத்து' தொழிற்சாலையிலேயே அழுத்திய முத்திரை. அந்த மாடலில் வந்த எல்லாக் கையுறைகளிலும் அதே பெயர் அதே இடத்தில் இருக்கும்.

இதையெல்லாம் அறியாமை என்று மன்னிக்கலாம். துணி லேபிள் விஷயம் அப்படியில்லை. 'மேட் இன் கனடா' லேபிளை வேறொரு கையுறையிலிருந்து வெட்டி இதில் தைத்திருக்கிறார்கள். பழைய ஊசித் துளைகள் ஒரு வரிசை, புதுத் தையல் இன்னொரு வரிசை. புற ஊதா டார்ச் அடித்தால் அந்த நூல் மட்டும் பளிச்சென்று நீலமாக ஒளிர்கிறது. இந்தக் காலத்து நூல்தான் பெரும்பாலும் அப்படி ஒளிரும். உள்ளங்கையின் அடிப்பகுதியில் சுரண்டிய தடம், அதில் 'ஜப்பான்' என்ற எழுத்துகளின் பின்பாதி மிச்சம். 60-களில் வட அமெரிக்கக் கடைகளில் குவிந்த மலிவு ஜப்பான் கையுறைகளில் ஒன்றுதான் இது.

பணத்தை இ-டிரான்ஸ்ஃபரில், அதாவது வங்கிக் கணக்கிலிருந்து இணையம் வழியாக, அனுப்பியிருந்தேன். எதிராளி ஏற்றுக்கொண்ட பிறகு அதைத் திரும்பப் பெற வழியில்லை என்று வங்கி கையை விரித்துவிட்டது. விற்றவரோ, "பழம்பொருள், இருந்தபடியே விற்றேன்" என்று ஒரு வரி எழுதிவிட்டு என்னை பிளாக் செய்துவிட்டார்.

அவர் கணக்கு இன்னும் ஓடுகிறது. இப்போது '1920-களின் கனடா கேட்சர் மிட்' (பந்து பிடிப்பவரின் தடித்த கையுறை) ஒன்றைப் பச்சை மேசைவிரிப்பின் மேல் வைத்துப் படம் போட்டிருக்கிறார். அதிலிருக்கும் லேபிளின் வலது மூலையும் என்னுடையதைப் போலவே கோணலாக வெட்டியிருக்கிறது.